துரை பங்களாப் படியில் நான் விழுங்கிய பேச்சு

அண்ணே,

இன்று காலை சிம்பாங் பூலாய் சமிக்ஞை விளக்கில் எங்கள் வேனுக்கு முன்னால் ரப்பர் ஒட்டுப்பால் ஏற்றிய லோரி ஒன்று வந்து நின்றது. அதன் நாற்றம் வேனுக்குள் புகுந்தது. பின்னால் இருந்த வெள்ளைக்காரப் பயணிகள் ஒன்பது பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். புது ஓட்டுநர் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டபடி வாசனைத் தைலத்தைத் தெளித்தார். நீங்களாக இருந்தால் கண்ணாடியை இறக்கிவிட்டிருப்பீர்கள். "எங்கம்மா சேல இப்படித்தான் மிஸ் இருக்கும். தொவைச்சாலும் போவாது" என்று ஒருமுறை சொன்னீர்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. கம்பெனி மேல், என் மேல், சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்ட உங்கள் மேலும்.

பன்னிரண்டு வருடம் நீங்கள் வேன் ஓட்டினீர்கள், நான் வழிகாட்டியாகப் பேசினேன். முதல் நாள் ஈப்போ பழைய கடைத்தெரு, இரவு ரப்பர் தோட்டத்துத் துரை பங்களாவில் தங்கல். மறுநாள் தாப்பா வழியாக வளைந்து வளைந்து கேமரன் மலை, தேயிலைத் தோட்டம். மூன்றாம் நாள் திரும்புதல். இதற்குப் பெயர் மலைநாட்டு வரலாற்றுப் பயணம். வரலாறாம்! கம்பெனி எழுதிக் கொடுத்த தாளில் துரை வைத்த ரோஜாச் செடிக்கு இடமுண்டு. துரையின் நாய்க்குப் பின்கட்டில் கல்லறை இருக்கிறதே, அதற்கு ஒரு முழுப் பத்தி. காட்டை அழித்து, மலையைக் குடைந்து, பாம்புக்கும் மலேரியாவுக்கும் செத்த நம் சனங்களுக்கு ஒரே வரி: "எளிமையான, மகிழ்ச்சியான மக்கள்." அந்த வரியைப் பன்னிரண்டு வருடம் சிரித்த முகத்தோடு சொன்ன வாய் இது.

நீங்கள் அந்த ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். உங்கள் தொழிலாளர் லயத்து வீடுகள் இருந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. பங்களாவின் வெளிக் கதவு வந்ததும் நீங்கள் ரேடியோவை அணைத்துவிடுவீர்கள். பயணிகளை வாசலில் இறக்கிவிட்டு, வேனைச் சுற்றிக் கொண்டுபோய்ப் பின்னால் நிறுத்துவீர்கள். முன்படியில் ஒருநாளும் கால் வைத்ததில்லை, அடுக்களை வழியாகத்தான் வருவீர்கள். துரை வீட்டைக் கடக்கும்போது சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனவர்களின் பிள்ளை அல்லவா! ஒருநாள் நான் பொறுக்காமல், "வாங்கண்ணே, இப்ப இது ஹோட்டல்தானே" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"எனக்குத் தெரியுது மிஸ். காலுக்குத் தெரியல லா" என்றீர்கள்.

தங்கச்சி என்று கூப்பிடச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. கடைசிவரை மிஸ்தான். அதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கோபம்.

நாம் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கிய முதல் வருடம் நடந்ததைச் சொல்கிறேன். பயணிகளில் ஒரு கிழவர், நல்ல மனிதர், படிக்குக் கீழே நின்ற உங்களைக் காட்டி, இவர் இந்தத் தோட்டத்திலா வளர்ந்தார், எப்படி இருந்தது என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு பேச ஆரம்பித்தீர்கள்.

"எங்கப்பாவுக்குக் காய்ச்சல் மிஸ். மூணு நாளு காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்குப் போகல. கணக்கு எழுதுற கிராணி வேலையில இருந்து பேர வெட்டிட்டாரு. வூட்ட காலி பண்ணுன்னுட்டாங்க. தொரைகிட்ட கேக்கலாம்னு அம்மா விடிகாலையில இருந்து இந்தா, இந்தப் படிக்குக் கீழதான் நின்னுச்சு. மழன்னா மழ. கிராணி கொடயோட வந்து, போ போன்னு வெரட்டுறாரு. அம்மா நகரல..."

அந்த இடத்தில் நான் குறுக்கே விழுந்தேன். கிழவர் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னேன்: "வாழ்க்கை கஷ்டம்தான், ஆனால் அழகானது என்கிறார்." எல்லோரும் தலையாட்டிச் சிரித்தார்கள். நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். பிறகு வேனைத் துடைக்கப் போய்விட்டீர்கள்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கு அப்போதே தெரியும். கம்பெனிக்குப் பயந்தல்ல. என் தாத்தாவும் கிராணி. யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலம் படித்துவிட்டு வந்து, காலைப் பெரட்டில் நின்று பெயர் கூப்பிட்டவர். வேறு தோட்டம்தான், ஆனால் அதே வெள்ளைக் கோட்டு, அதே குடை. அவர் படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாலையோடு தொங்குகிறது. உங்கள் அம்மாவை விரட்டியவரை என் வாயால் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

மறுநாள் மலையேறும்போது நீங்களே பேச்சை எடுத்தீர்கள். "எனக்கு இங்கிலீஸ் பேச வராது மிஸ். கேட்டா வெளங்கும்." கொஞ்ச தூரம் போனபிறகு, "பரவால்ல லா. அதெல்லாம் சொன்னா அவங்களுக்குச் சோறு எறங்காது" என்றீர்கள். என்னைத் திட்டியிருக்கலாமே அண்ணே! வேனை ஓரங்கட்டி நாலு வார்த்தை கேட்டிருக்கலாமே! சமாதானம் சொல்லி என்னைத் தப்பிக்கவிட்டீர்கள். அதன்பிறகு ஒருநாளும் நீங்கள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஈப்போ ஆஸ்பத்திரியில் உங்கள் நெஞ்சு நின்றுபோன அன்று நான் தேயிலைத் தோட்டத்தில் தேநீரோடு தின்னும் ஸ்கோன் ரொட்டியின் வரலாறு சொல்லிக்கொண்டிருந்தேன். "குரூப்பை விட்டுட்டுப் போக முடியாதுங்க" என்றது கம்பெனி. நானும் சரி என்றேன். உங்களைத் தூக்கும்போது நான் இல்லை. இதை எதைக் கொண்டு கழுவுவேன்?

இன்று மத்தியானம் அதே படிக்கு வந்தோம். தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். எப்போதும் மேல்படியில் நின்று பேசுகிறவள், இன்று கீழே இறங்கி, மண்ணில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல், பெரட்டு, வெட்டிய பெயர், மழை, குடை. என் தாத்தாவும் அந்த வேலைதான் பார்த்தார் என்பதையும் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. புது ஓட்டுநர் அதற்குள் ஆபீசுக்குப் போன் போட்டுவிட்டார். "மிஸ், கஸ்டமருங்க லீவுக்கு வந்திருக்காங்க லா, இதெல்லாம் எதுக்கு?" என்றார் போனில் மேலாளர். "அப்ப நாய்க் கல்லறை எதுக்குடா?" என்று கத்திவிட்டு வைத்தேன். வேலை இருக்குமோ போகுமோ, போகட்டும்.

இப்போது பங்களா வராந்தாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வெளிச்சம் இன்னும் இருக்கிறது. உங்கள் கதையைச் சொல்லிவிட்டேன், கடன் தீர்ந்தது என்று நிம்மதியாகக் கையெழுத்துப் போடத்தான் நினைத்தேன்.

ஆனால் நான் சொல்லி முடித்ததும் ஒரு பெண் கையை உயர்த்தினாள். "பிறகு என்ன ஆயிற்று? துரை வெளியே வந்தாரா? வீடு கிடைத்ததா?"

எனக்குத் தெரியவில்லை அண்ணே. பன்னிரண்டு வருடம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தேன், எனக்குத் தெரியவில்லை. உங்கள் அம்மா இன்னும் அந்த மழையில்தான் நிற்கிறார். கிராணி விரட்டியும் நகராத அவரை, உங்கள் பேச்சைக் குறுக்கே வெட்டி அங்கேயே நிறுத்திவிட்டது நான்தான்.