சாப்பிட்டாச்சு என்று சொன்னவர்கள்

இன்று காலை வார்டில் பாலவனத்தத்துக்காரர் ஒருவர், "சாப்பிட்டாச்சு தாயி, ஊசியப் போடுங்க" என்று கையை நீட்டினார். கட்டிலுக்கு அடியில் இருந்த தூக்குவாளியைத் தூக்கிப் பார்த்தேன். கனத்தது. மூடியைத் திறந்ததும் ஆறிப்போன இட்லியின் வாசனை. உடனே நீ நினைவில் என் பக்கத்தில் வந்து நின்றுவிட்டாய்.

அது நாம் இருவரும் அருப்புக்கோட்டையில் நர்ஸாகச் சேர்ந்த முதல் வருடம். என்னைவிடக் கெட்டிக்காரி யாரும் இல்லை என்ற நினைப்பு எனக்கு. பெயர், மருந்து, அளவு, நேரம் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டுத்தான் ஊசியை எடுப்பேன். திருச்சுழிப் பக்கத்து விவசாயி ஒருவரிடமும் அப்படித்தான் கேட்டேன். "சாப்பிட்டீகளா?" "ஆச்சும்மா." இன்சுலின் போட்டேன். சாப்பிட்டார் என்று நோட்டிலும் எழுதினேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்து அவர் சட்டை நனைந்து கிடந்தது. சித்திரை மாதம், வார்டே வேர்த்துக்கொண்டிருந்தது. ஃபேனைக் கூட்டிவைத்துவிட்டு நகர்ந்தேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையத் தோன்றுகிறது. நீதான் அவர் கழுத்தில் புறங்கையை வைத்தாய்.

"ஏடி, மேலு ஜில்லுன்னு இருக்கு. இது வெயில் வேர்வ இல்ல. சுகரப் பாரு!"

சர்க்கரை முப்பத்தெட்டுதான் இருந்தது; எழுபதுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கண் திறந்திருந்தும் என்னைப் பார்க்கவில்லை. டாக்டரைக் கத்திக் கூப்பிட்டுக்கொண்டே நீ நரம்பைத் தேடினாய். நான் குளுக்கோஸ் மருந்தை உடைத்து உன்னிடம் நீட்டினேன். இவரை நான்தான் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். மருந்து ஏறிச் சில நிமிடத்தில் அவர் விழித்து, "ஏம்மா அழுகுறீக?" என்றார்.

அவர் தூக்குவாளியில் தோசை வைத்தது வைத்தபடி இருந்தது. "பொய் சொல்லிட்டீகளே!" என்று பாய்ந்தேன். மனிதர் கூசிப்போனார். "ஒரு பொம்பளப் புள்ள கேக்கயில இல்லன்னு சொன்னா, குடுன்னு கேக்குற மாதிரியில்ல இருக்கும்?" ஊரிலிருந்து பஸ்ஸில் வரும் மனைவியோடு சேர்ந்து சாப்பிடக் காத்திருந்தாராம். யார் கேட்டாலும் ஆச்சு என்பதுதானே நம் பக்கத்து மரியாதை. நானும் அப்படிச் சொல்லி வளர்ந்தவள்தான்.

நடந்ததை நோட்டில் எழுத வேண்டாமே என்று உன்னிடம் கெஞ்சினேன். "எழுதுடி. மறைச்சா நாளைக்கு இன்னொருத்தி இதையே செய்வா" என்று பேனாவை என் கையில் திணித்தாய். வாங்கிய திட்டு கொஞ்சமல்ல. ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் அந்த ஒரு கேள்வியோடு நிறுத்துவதில்லை. என்ன சாப்பிட்டீக, எத்தனை, பாத்திரத்தைக் காட்டுங்க என்பேன். போலீஸ்காரம்மா என்று எனக்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

நீ திருச்சுழிக்கு மாற்றலாகிப் போன பிறகு வாரம் ஒருமுறை போனில் பேசினோம். "சாப்பிட்டியாடி?" "ஆச்சுடி." "உடம்பு?" "நல்லாருக்கேன்டி." உன் வயிற்றில் ஒரு வாய் சோறு தங்கி மாதக்கணக்காகிறது என்று உன் தங்கை சொன்னபோது நீ எழுந்திருக்க முடியாத நிலைக்குப் போயிருந்தாய். அந்தப் படுக்கையிலிருந்து பிறகு நீ எழவேயில்லை. ஊரையெல்லாம் குடைந்து கேட்ட நான், என்ன சாப்பிட்டாய் என்று உன்னிடம் மட்டும் கேட்கவில்லை.

இன்று ஊசியைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "மொதல்ல சாப்பிடுங்கய்யா, நான் இங்கனயே நிக்கேன்" என்றேன். மூன்று இட்லி முடியும்வரை நின்றேன். நான் ஏன் அழுகிறேன் என்று புரியாமல், பாவம், அந்த மனிதர் நாலாவதையும் எடுத்துக்கொண்டார்.