செங்கல்லில் ஐந்து குழிகள்

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். பதில் எழுத இவ்வளவு நாளாக்கியதற்குக் கோபித்திருப்பீர்கள். எழுத உட்கார்ந்தால், மழைக்காலம் வந்து இங்கே அகழாய்வு நிற்கும்வரை பாப்பாவை உங்கள் அக்கா வீட்டில் விட்டுவிடச் சொன்ன வரியிலேயே கண் நின்றுவிடுகிறது.

அண்ணி நன்றாகத்தான் பார்த்துக்கொள்வார். அகழாய்வுக் குழிகளுக்கு நடுவே மூன்று வயதுக் குழந்தை என்று நீங்கள் பயப்படுவதும் நியாயம். உங்களைவிட எனக்குத்தான் பயம் அதிகம். பானை ஓடுகளைக் கழுவும்போதுகூட ஒரு கண் அவள்மேல்தான். ஆனால் குழியைச் சுற்றிக் கட்டிய நூலை அவள் தாண்டுவதில்லை. எங்கள் அகழாய்வு இயக்குநரே மறந்து தாண்டினால், "தாத்தா, நூலு!" என்று அதட்டுகிறாள்.

இங்கே ஒரு கூத்து. நாங்கள் தோண்டும் பழைய அரண்மனையின் சுவரில் பாதியாக உடைந்த செங்கல் ஒன்று கிடைத்தது. அதில் வரிசையாக ஐந்து குழிகள், ஒன்று மட்டும் பெரிது. இந்தத் தலைநகரை ஆண்டவர்களின் பெயர் ஒன்றுகூட இதுவரை கிடைக்காததால், இயக்குநர் அதை ராஜமுத்திரை என்றே முடிவு கட்டிவிட்டார். பெரியது பேரரசர், மற்றவை சிற்றரசர்களாம். நானும் தலையாட்டிக்கொண்டு படம் வரைந்தேன். படித்தவளாயிற்றே!

நேற்று பாப்பா செருப்பைக் கழற்றிவிட்டு அந்தச் செங்கல்மேல் காலை வைத்தாள். ஐந்து விரல்களும் ஐந்து குழிகளில் போய் உட்கார்ந்தன. மண் சுமக்கும் அக்காக்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "ஐயா, உங்க பேரரசர் கட்டைவிரலா இருக்காரே!" என்றார் ஒருவர். இயக்குநர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். கடைசியில், "உன் பொண்ணு என் சாம்ராஜ்யத்தையே கவுத்துட்டாம்மா" என்று அவளைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

இன்று மறுபாதியைத் தேடியெடுத்துப் பொருத்தினேன். குதிகால் இருக்க வேண்டிய இடத்தில், பெரியவர் ஒருவரின் கைவிரல்கள் ஈரமண்ணை வழித்த தடம். அழிக்கத் தொடங்கி, அன்று மிதித்த குழந்தையின் கால்விரல் தடம்வரை வந்து, அப்படியே விட்டிருக்கிறாள். ஆமாம், அம்மாதான். இயக்குநர் ஆதாரம் கேட்பார், நீங்கள் கேட்க மாட்டீர்கள். அரண்மனைக்குச் செங்கல் அறுக்க வந்தவள் குழந்தையைக் கைக்கெட்டும் தூரத்தில்தான் வைத்திருந்திருக்கிறாள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். பாப்பாவின் காலைக் கீழே வரைந்திருக்கிறேன். நீங்கள் பார்த்ததைவிட வளர்ந்துவிட்டது. குதிகாலை வரைவதற்குள் ஓடிவிட்டாள். ஓடட்டும், என் கண்ணெதிரிலேயே ஓடட்டும் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

உங்கள் சம்மதத்துக்குக் காத்திருக்கும்,
இவளுடைய அம்மா