பிரெஞ்சில் பதினோரு வாக்கியம்

12-11, செவ்வாய்
விடியற்காலையிலிருந்து மழை. மாட வீதியில் கணுக்கால் தண்ணி. செருப்பு வார் அறுந்து, ஊக்கு குத்திக்கொண்டு ஆழ்வார்பேட்டை ஆபீஸ்.

நாலு வருஷமாகத் தி.நகரில் மாடிப்படி ஏறி பிரெஞ்சு படிக்கிறேன். மாசம் ஒரு சனிக்கிழமை வீடியோவில் படம். முடிந்ததும் உட்கார்ந்த வரிசைப்படி ஒவ்வொருத்தரும் பேசணும், பிரெஞ்சில் மட்டும். முசியே, அதான் எங்க பாண்டிச்சேரி வாத்தியார், படத்தின் கதையை ஒரு தாளில் அடித்து முந்தின வாரமே கொடுத்துவிடுவார். நான் அதை வைத்து வீட்டிலேயே எழுதி, உருப்போட்டுக்கொண்டு போய்விடுவேன். படம் பாதி புரியாது. யாருக்குத் தெரியும்?

இந்தத் தடவை விஷயமே வேற. பாண்டிச்சேரி ஸ்கூல் ஒன்றுக்கு பிரெஞ்சு டீச்சர் வேணுமாம். தங்க ரூமும் உண்டு. சனிக்கிழமை பேச்சைக் கேட்டு முசியே எங்களில் ஒருத்தரை அனுப்புவாராம். நானோ, கூடப் படிக்கிற கீதாவோதான். அவளுக்கு இருபத்திரண்டு, இன்னும் நூறு வேலை வரும். எனக்கு முப்பத்தெட்டு.

ஆபீஸில் ராஜினாமா கடிதம் டைப் அடித்து வைத்துவிட்டேன். தேதி மட்டும் பாக்கி.

மன்னி, அண்ணாவிடம், என் காதில் விழட்டும் என்றே: "டீச்சராப் போறாளாம். ஆத்துல சமையலை யார் பார்க்கறதாம்?"

14-11, வியாழன்
இந்த மாசத் தாளில் கதை: கடற்கரை வீட்டில் தனியாக ஓர் அம்மா. பிள்ளைக்காகக் காத்திருக்கிறாள். அவன் வருகிறான், வீட்டை விற்க. பதினோரு வாக்கியம் தேறிவிட்டது. அகராதியின் அட்டை பிய்ந்துபோச்சு.

ஆபீஸ் பாத்ரூமில் சொல்லிப் பார்த்தேன். பெருக்க வந்த கன்னியம்மா கதவைத் தட்டி, "இன்னாம்மா, உள்ள யார்கூட பேசிக்கினு கீற?"

வெட்கமாகப் போச்சு. ஆனால் ஒன்பதாவது வாக்கியம் தடுக்கவே இல்லை.

16-11, சனி
எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆகணும்.

படம் போடுமுன் முசியே கேசட்டைத் தூக்கிக் காட்டி மடமடவென்று என்னவோ சொன்னார். நான் மனசுக்குள் ஆறாவது வாக்கியத்தில் இருந்தேன். தலையை ஆட்டிவைத்தேன்.

படத்தில் இரண்டு ஆம்பளைகள், ஒரு ரிப்பேர் லாரி. ஓயாத பேச்சு. அம்மா இப்போ வருவாள், அடுத்து வருவாள் என்று பார்த்தேன். கடல்கூட வரவில்லை. விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

என் முறை மூன்றாவது. வாயைத் திறந்தேன், தானாகவே வந்தது. கடற்கரை அம்மா, அவள் தனிமை, பிள்ளையின் துரோகம். பதினொன்றும். ஒரு தடுமாற்றம் கிடையாது. எல்லாரும் பலமாகத் தலையாட்டினார்கள்.

அடுத்து பேங்க் மாமா. அவரும் அந்த அம்மாவைப் பற்றியேதான்! அதற்கடுத்தவரும். அடப்பாவிகளா, நீங்களுமா?

கடைசியில் கீதா. திக்கித் திணறி, தப்பும் தவறுமாக: "மன்னிக்கணும் முசியே. அம்மா எங்கே? நான் பார்த்தது லாரி மட்டும்தான்."

முசியே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தக் கேசட்டில் பூஞ்சை, அதனால் வேற படம். அதைத்தான் முன்னாடியே சொன்னாராம். அப்புறம் அந்த ரூமில் முதல் தடவையாகத் தமிழில், "போதும்மா. மழை வருது, எல்லாரும் கெளம்புங்க."

திட்டியிருந்தால் தேவலை. நாலு வருஷமும் அவர் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்?

பஸ்ஸில் முழுக்க நனைந்தேன். குடை மாடியிலேயே.

18-11, திங்கள்
ஆபீஸுக்கு முசியே போன். கீதாதான் போகிறாள். "உங்க உச்சரிப்பு ரொம்ப சுத்தம்மா," என்றார். தேங்க்ஸ் சொன்னேன். இனிமேல் கதைத் தாள் கிடையாதாம்.

தாள் இல்லாமல் எனக்கு அங்கே என்ன வேலை? எனக்கு இனிமே ஒண்ணும் நடக்காது. கீதா மேல் கோபப்படக்கூட முடியவில்லை, அதுதான் எரிச்சல்.

கன்னியம்மா: "இன்னாம்மா, இன்னிக்கு பேச்சே காணோம்?"

19-11, செவ்வாய்
மழை விட்டிருக்கிறது. குளிக்கும்போது பதினொன்றும் வரிசையாக வந்தது. சனியன், மறக்கவும் மாட்டேன் என்கிறது. அந்த அம்மாவை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

மன்னி மளிகை லிஸ்ட் எழுதச் சொன்னாள். பையில் அகப்பட்ட காகிதம் ராஜினாமா கடிதம்தான். பின்பக்கம் காலி.

உளுத்தம்பருப்பு 2 கிலோ
வெல்லம்
பெருங்காயம், கட்டி
செருப்புக்கு ஊக்கு