ஜெர்மன்காரன் சுருதியைத் திருத்திய உன் அப்பா

திண்டுக்கல்
18-4-1964

அன்புள்ள மகன் ஞானராஜுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. சர்வேசுரன் தயவால் இங்கே எல்லாரும் சுகம், உன் அப்பாவின் ஆர்மோனியங்களைத் தவிர. நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

மூன்று கடிதத்திலும் நீ ஒன்றையேதான் கேட்டிருக்கிறாய், வாத்தியார் வேலையை விட்டுச் சிங்கப்பூர் போனதில் அப்பாவுக்கு இன்னும் கோபமா, ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை என்று. கோபமும் இல்லை மண்ணும் இல்லை அப்பு, மனிதர் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் கேட்டார், நான் செய்யவில்லை, அதனால் சொல்கிறேன். கிறிஸ்துமசுக்கு நீ அனுப்பிய அந்த வாயால் ஊதிக் கட்டையை அமுக்குகிற ஜெர்மன் மெலோடிகா வந்த அன்று அவர் சோற்றையே மறந்துவிட்டார். உடைந்த ஆர்மோனியமாக வாங்கிவந்து பழுது பார்க்கிறேன் என்று கட்டிலடி முழுக்க அடைத்து வைத்திருப்பவருக்குக் கேட்கவா வேண்டும். மறுநாளே கோவிலுக்குக் கொண்டுபோய், தான் வாசிக்கும் கோவில் ஆர்மோனியத்தோடு சேர்த்து வாசித்துப் பார்த்தால் இரண்டும் ஒத்துப்போகவில்லை. வேறு யாராவது என்றால் எது தப்பு என்று செத்த நேரம் யோசிப்பார்கள். இவரோ, "முப்பது வருசமா நான் சுருதி சேத்த பெட்டி, ஜெர்மன்காரன்தான் கோட்டை விட்டுட்டான்" என்று சொல்லி, வீட்டுக்கு வந்து மெலோடிகாவைக் கழற்றி, உள்ளே இருக்கும் பித்தளை நாக்குகளை ஒவ்வொன்றாகச் சுரண்டினார். நான்கு நாள் சுரண்டினார். இரண்டு ஒடிந்தே போயின, கடைசி மூன்றை அலுத்துப்போய் அப்படியே விட்டுவிட்டார். மிச்சம் கோவில் பெட்டியோடு சேர்ந்துவிட்டது என்று தெருவெல்லாம் பெருமை வேறு.

பிப்ரவரியில் பாட்டுச் சொல்லிக்கொடுக்க மதுரையிலிருந்து ஒரு சிஸ்டர் வந்தார். சுருதி பார்க்கும் சின்னக் குழல் ஒன்றை ஊதிக் காட்டி, "ஐயா, உங்க பெட்டி அரைச் சுருதி எறங்கியில்ல இருக்கு" என்றார். அப்பா அந்தக் குழலை வாங்கி வந்து மெலோடிகாவோடு ஊதிப் பார்த்தார். சுரண்டாமல் விட்டிருந்த மூன்று கட்டைகள் மட்டும் அதனோடு அச்சாகச் சேர்ந்தன. அதைவிடக் கூத்து, இங்கேயிருந்து எரியோடு வரை இவர் பழுது பார்த்த பெட்டிகள் அம்புட்டும் கோவில் பெட்டியைப் பார்த்துச் சுருதி சேர்த்தவை, எல்லாம் ஒற்றுமையாகத் தப்பு. இப்போது சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்த் திருத்தி வருகிறார். நான் சிரித்தால் ரசம் சரியில்லை என்கிறார்.

ஆனால் போன வாரம் உன் மூன்றாவது கடிதத்தைப் படித்துவிட்டு, பதில் எழுத உட்கார்ந்து நான்கு தாளைக் கிழித்தார். என்ன என்று கேட்டேன். "அவன் போறேன்னு சொன்னப்பவும் அவன்தான் தப்புன்னேன். என் பெட்டியோட சேரலைன்னு அவனையும் இப்படித்தான சுரண்டியிருக்கேன்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆகையால் நீயே அவர் பெயருக்கு ஒரு கடிதம் போடு. நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. வேலையைப் பற்றி எழுது, சிநேகிதர்களைப் பற்றி எழுது, மெலோடிகா எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதே. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் எனக்கு முந்தி அவர்தான் வாசலுக்குப் போகிறார். மாதா உனக்குத் துணையிருக்கட்டும். தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே.

உன் அம்மா
வியாகுலம்மாள்