முதல் தடவையிலேயே அனுமதி

செவ்வாய், இரவு.

எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த கவிதா வரைந்த டயாலிசிஸ் மையக் கட்டட வரைபடத்துக்கு முதல் தடவையிலேயே அனுமதி கிடைத்துவிட்டது. நான் வரைந்த மருத்துவமனைப் பிரிவு மூன்றாவது முறையாக அனுமதி கிடைக்காமல் திரும்பி வந்திருக்கிறது. இந்த முறை, நர்ஸ்கள் கை கழுவும் தொட்டி தப்பான இடத்தில் இருக்கிறதாம். அலுவலகத்தில் எல்லோரும் கவிதாவுக்குக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். சிரிப்பு மட்டும் வரவில்லை.

"எப்படிடி பண்ணின?" என்று கேட்டேன்.

"வரையறதுக்கு முன்னாடியே நர்ஸுங்களையும் பர்மிட் ஆபீஸரையும் ஒண்ணா உட்கார வெச்சுப் பேசிட்டேன்க்கா. உங்க ப்ராஜெக்டுக்கும் நாளைக்கு ஒரு மீட்டிங் போடட்டுமா?"

"எனக்கு வேலை இருக்கு" என்று நகர்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவளுடைய வரைபடத்தைத் திறந்து ஒரு தப்பாவது அகப்படுமா என்று தேடினேன். கதவுகளின் அகலம்கூடச் சரியாக இருந்தது. வேறு வழியில்லாமல், 'மீட்டிங் போடு' என்று செய்தி அனுப்பினேன்.

'அப்பவே போட்டுட்டேன்க்கா' என்று உடனே பதில் வந்தது.

அந்த நல்ல குணத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.