கீழ்வரிசை ஆறு மடை

பிப்ரவரி 17, ஞாயிறு

காற்று இல்லை. கழுவெளி ஏரிப் பக்கம் எட்டு மணி வரை பனி. வசந்தா துவைத்துக் கொடுத்தாள், நான் கொடியில் போட்டேன். சட்டையை உதறாமல் சுருட்டிப் போட்டிருக்கிறேன். திட்டவில்லை. முன்பெல்லாம் என்ன திட்டு திட்டுவாள். இப்போது என் பெண்டாட்டி கூட என்னைத் திட்டுவதில்லை. மண்டையில் பட்ட அடியை விட அதுதான் வலிக்கிறது.

இந்த நோட்டு பாண்டிச்சேரி டாக்டரம்மா சொல்லி வாங்கியது. "தெனம் ஒரு நல்லது எழுதுங்க. சின்னதா இருந்தாலும் பரவால்ல. மனசு மட்டும் தளரவே கூடாது." மனசு எங்கே இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். மண்டையிலா, நெஞ்சிலா? மண்டையில் என்றால் அதுவும் அடிபட்டதுதானே.

நல்லது: தலைவலி பதினொரு மணிக்குத்தான் வந்தது.

சாயங்காலம் சம்பந்தம் மேஸ்திரி வந்தார். உப்பளத்தில் பதினைந்து வருஷம் அவர் கீழ் பாத்திகளுக்குத் தண்ணி பார்த்தவன் நான். புரட்டாசியில் உப்பு லாரி மேல் உட்கார்ந்து திண்டிவனம் போகும்போது, பெருமுக்கல் வளைவில் விழுந்தேன். எல்லாரும் சொல்லித்தான் எனக்கே தெரியும். அதற்குப் பிறகு அளத்துப் பக்கம் போகவில்லை.

"ஏம்பா கோவிந்தா, நாளைலேருந்து வா. கீழ்வரிசை ஆறு பாத்தி. ஒரு வாரம் பாரு. சரியா வந்துச்சின்னா உன் எடம் உனக்குத்தான்."

"வரலன்னா?"

"வரும்பா. வராம எங்க போவும்?" இதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. வசந்தாவைப் பார்த்துச் சொன்னார்.

பிப். 18, திங்கள்

வெயில். உப்பு வெளிச்சம் கண்ணுக்குள் ஊசி மாதிரி குத்துகிறது. ஈரத் துண்டைப் புருவம் வரை இழுத்துக் கட்டிக்கொண்டேன்.

மறக்காமல் இருக்க:
1. பெரிய பாத்தியில் காய்ந்த தண்ணி. மடை மண்ணை வெட்டித் திற.
2. உப்பு பூக்கிற பாத்தியில் இரண்டு விரல் தண்ணி ஏறும் வரை நில்.
3. நகராதே. யாரோடும் பேசாதே.
4. களிமண் வைத்து அடை. மிதி.
5. அடுத்த மடை.
நாலாவதை விட்டால் பூத்த உப்பு அத்தனையும் கரைந்து போகும். பத்து நாள் காய்ந்தது ஒரு மணி நேரத்தில் தண்ணி.

பச்சைப் பிள்ளைக்குக் கூடத் தெரியும் இதெல்லாம். நான் எழுதி வைத்துக்கொள்கிறேன். தலையெழுத்து.

என் யோசனை ஒன்று: மடை திறந்ததும் துண்டில் ஒரு முடிச்சு. அடைத்ததும் அவிழ்க்க வேண்டும். மதியம் பார்த்தால் துண்டில் ஆறு முடிச்சும் அப்படியே. ஓடினேன். ஓடினால் தலை சுற்றும், ஆனாலும் ஓடினேன். ஆறு மடையும் அடைத்திருக்கிறது! நன்றாக, மிதித்து. அடைத்தது எனக்கு ஞாபகமே இல்லை.

நல்லது: முடிச்சை அவிழ்க்க மறந்திருக்கிறேன், மடையை மறக்கவில்லை.

பிப். 19, செவ்வாய்

மகள் கஸ்தூரி பக்கத்து வீட்டில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்கிறாள். கேட்கிறது. தை மாதம் அவள் சத்தமாகப் படித்தாள் என்று சிலேட்டைப் பிடுங்கிச் சுவரில் அடித்தேன். அந்தச் சத்தம் மண்டைக்குள் ஆணி அடிப்பது போல இருந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை. அன்றிலிருந்து அங்கேதான் படிப்பு. பிள்ளை என்னைப் பார்த்துப் பயப்படுகிறது. இதை எழுதாமல் நல்லதை மட்டும் எழுது என்றால் எப்படி?

காலை டீக்கடையில் ஒருவர் (பெயர் வாய் வரை வந்து போய்விட்டது, மீன் வண்டி வைத்திருப்பவர்): "உனுக்கு இன்னாப்பா, கை கால் நல்லா இருக்குது. மனசதான் தைரியமா வெச்சிக்கணும்." எல்லாருக்கும் இந்த ஒரு பாட்டுதான். கை போயிருந்தால் கட்டிலில் படுத்துக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள். எனக்குப் போனது வெளியே தெரியவில்லை. அதனால் நான் சோம்பேறி.

மோப்பமும் போய்விட்டது. கழுவெளிச் சேறு நாறுகிறது என்று எல்லாரும் மூக்கைப் பொத்துகிறார்கள், நான் ராஜா மாதிரி நடக்கிறேன். வசந்தா கருவாட்டுக் குழம்பு வைத்தாள். வாயில் உப்பு மட்டும் தெரிந்தது. நாள் முழுக்க அதைத்தானே பார்க்கிறேன், சோற்றிலுமா?

ஆறு மடையும் சரி.

பிப். 20, புதன்

ஆறும் சரி. மேஸ்திரி பாத்தியில் விரலை விட்டுப் பார்த்தார். சரியாக இரண்டு விரல். "கை மறக்கலடா கோவிந்தா!" என்றார். ‘டா’ போட்டார். அடிபட்ட பிறகு இன்றுதான் போட்டார்.

அதுதான் விஷயம் போலிருக்கிறது. மண்டை மறந்தாலும் கை மறக்கவில்லை. நான் எதையோ பார்த்துக்கொண்டு நிற்கிறேன், நாரை, லாரி, ஏதோ ஒன்று. திரும்பிப் பார்த்தால் மடை அடைத்திருக்கிறது. பதினைந்து வருஷக் கை. அதுபாட்டுக்குப் போய்ச் செய்துவிட்டு வருகிறது.

நல்லது: மேலே எழுதியதுதான். இரண்டு தடவை எழுதலாம்.

வசந்தாவிடம் சொன்னேன். அவளும் அதே அளத்தில்தான் உப்புக் கூடை சுமக்கிறாள். நாள் பூராவும் கீழ்வரிசை வரப்பு மேல் போய் வந்துகொண்டிருப்பாள். "நல்லது தானுங்க. நான் சொன்னேன் இல்ல?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுதாள் என்று நினைக்கிறேன். சந்தோஷத்தில்.

பிப். 21, வியாழன்

மேகம். தலைவலி குறைவு. ஆறும் சரி. துண்டில் முடிச்சு போடுவதை விட்டுவிட்டேன், எதற்கு?

இரவுச் சாப்பாட்டின்போது சிரித்தேன். எதற்கென்று மறந்துவிட்டது, ஆனால் சிரித்தேன். கஸ்தூரி என்னையே பார்த்தாள். பிறகு புத்தகத்தை எடுத்து வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்து படித்தாள். மெதுவாக, உதட்டுக்குள். "கொஞ்சம் கேக்கறாப்ல படி கண்ணு" என்றேன். படித்தாள். வலித்தது. பொறுத்துக்கொண்டேன்.

வசந்தா கீழ்புத்துப்பட்டு அய்யனாருக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாளாம். வைகாசியில் போகலாம் என்றேன். வைகாசியைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு வந்துவிட்டேன், பார்.

பிப். 22, வெள்ளி

எழுத முடியவில்லை.

பிப். 23, சனி

நேற்று நடந்தது. எழுதாவிட்டால் மறந்துவிடுவேன். மறந்தால் நல்லதுதான். ஆனாலும் எழுதுகிறேன்.

நல்ல வெயில். லாரி வந்திருந்ததால் கூடைக்காரிகளில் பாதிப் பேரை மேற்கே உப்பு அம்பாரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். வசந்தாவும் அங்கே. நான் ஆறு மடையும் திறந்தேன். ஆறையும் ஒரே மூச்சில். என்ன திமிர். கைதான் பார்த்துக்கொள்ளுமே! கண் கூசியது, கொட்டகைக்குள் போய் ஈரத் துண்டை முகத்தில் போட்டு உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

"அய்யோ மடை! மடையப் பாருங்கடா!" மேஸ்திரி குரல்.

வெளியே வந்தேன். ஆறு பாத்தியும் தளும்பிக்கொண்டிருந்தது. காலையில் வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்தது, ஒன்றுமில்லை. தண்ணிக்கடியில் பழுப்பு மண்தான் தெரிந்தது. வரப்பு இரண்டு இடத்தில் உடைந்து அடுத்த வரிசைக்கும் போய்க்கொண்டிருந்தது. ஆளாளுக்கு மண்வெட்டியோடு ஓடினார்கள். நான் நின்றேன். எந்த மடைக்கு முதலில் போவது என்று தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. அந்த ஐந்து வரிப் பட்டியலில் ஒரு வரி கூட ஞாபகம் வரவில்லை.

கூடைக்காரி அஞ்சலை சேற்றில் நின்றுகொண்டு இன்னொருத்தியிடம் சொன்னாள், எனக்குக் கேட்கும் என்று நினைக்கவில்லை. "வசந்தா அந்தாண்ட போய்ட்டா. யாரு அடைப்பா? நாலு நாளா அவதானே கூடைய எறக்கி வெச்சிட்டு ஒண்ணொண்ணா அடைச்சிட்டுப் போனா. பாவம், மேஸ்திரி பாக்காதப்ப வரப்புல குனிஞ்சி குனிஞ்சி..."

எனக்குப் புரிய நேரம் ஆயிற்று. இப்போதெல்லாம் எதற்கும் நேரம் ஆகிறது. புரிந்தது.

மேஸ்திரி திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் தேவலை. தோளில் கை வைத்து, "வுடுப்பா. போய் நெழல்ல ஒக்காரு" என்றார். குழந்தையிடம் பேசுகிற குரல். ‘டா’ இல்லை.

இன்று வேலைக்குப் போகவில்லை. வசந்தா போனாள். உடைந்த வரப்பு கட்ட ஆள் வேண்டுமாம்.

பிப். 24, ஞாயிறு

காற்று, புழுதி. கஸ்தூரி பக்கத்து வீட்டில். இந்த முறை நான் எதையும் உடைக்கவில்லை. அவளாகவே போய்விட்டாள்.

நேற்று முழுக்க நானும் வசந்தாவும் பேசவில்லை. இன்று அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள், எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"எனுக்கு ஏன் சொல்லல?"

முறத்தில் அரிசியைப் புடைத்தாள்.

"ஊரே பாத்துச்சி. அஞ்சல பாத்தா. நான் ஒருத்தன்தான் கோமாளி மாதிரி என் கை, என் கைன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். சிரிச்சிருப்பீங்க எல்லாரும்."

"யாருங்க சிரிச்சது?" முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "நான் சிரிச்சனா? தலைல கூடை, இடுப்பு ஒடியுது, இதுல ஆறு மடைக்கும் குனிஞ்சி நிமிந்து, மேஸ்திரி பாக்கறாரான்னு பயந்துகினு... சிரிக்கிறதுக்கா செஞ்சேன்?"

"பின்ன இன்னாத்துக்குச் செஞ்ச?"

"நீங்க சிரிச்சி அஞ்சு மாசம் ஆச்சு. புதன்கிழம வந்து கை மறக்கலன்னு சொல்லிச் சிரிச்சீங்க பாரு, அப்ப நான் இன்னா சொல்லணும்? இல்லீங்க, அது நான் அடைச்சதுன்னு சொல்லணுமா? நீங்களா இருந்தா சொல்லுவீங்களா?"

சொல்லியிருக்க மாட்டேன். அதை ஒப்புக்கொள்ளவில்லை. கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன். அடுத்த வீட்டு வாய்ப்பாடு சட்டென்று நின்றது, அது மட்டும் காதில் விழுந்தது.

பிறகு கேட்டேன், எனக்கே கேட்காத குரலில். "நாலு நாள்ல ஒண்ணாவது நான் அடைச்சேனா?"

யோசித்தாள். ரொம்ப நேரம். "ஒண்ணு அடைச்சீங்க. செவ்வாக்கெழம. மூணாவது மடை."

நிஜமோ, எனக்காகச் சொன்னதோ, தெரியவில்லை. திரும்பக் கேட்கப் பயமாக இருந்தது.

டாக்டரம்மா, உங்களுக்கு நல்லதுதானே வேண்டும்? நான்கு நாள் நல்லதும் அவளுடையது. என்னுடையது ஒரே ஒரு மடை, அதற்கும் சாட்சி அவள்தான். தைரியமாக இரு என்று யார் சொன்னாலும் இனிமேல் சரி என்று தலையாட்டிவிட்டுப் போகப்போகிறேன். எதை வைத்துக்கொண்டு தைரியமாக இருப்பது? முன்னால் ஒருத்தன் இருந்தான், தண்ணி கோவிந்தன், பாத்தியைப் பார்த்தே தண்ணியில் உப்பு எத்தனை டிகிரி என்று சொல்லுவான். அவனை நான் பார்த்ததில்லை போலிருக்கிறது. அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு அவன் வீட்டில் சாப்பிடுகிறேன். அவன் திரும்பி வரமாட்டான். இத்தனை நாள் அவன் வருவான் வருவான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வசந்தாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் இதை எப்படிச் சொல்வது?

பிப். 25, திங்கள்

ஏழரைக்கே வெயில் சுள்ளென்று. பல் தேய்த்தேனா என்று சந்தேகம், இரண்டாம் தடவை தேய்த்தேன்.

மேஸ்திரி வந்தார். நானும் எழுந்து துண்டை எடுத்தேன். அவர் வாசலிலேயே நின்று உள்ளே பார்த்துப் பேசினார்.

"தங்கச்சி, இன்னிலேருந்து கூடை வேணாம். கீழ்வரிசை தண்ணி நீ பாரு. நாலு நாள் நான் வெரல வுட்டுப் பாத்தது உன் அளவுதான். எங்கயும் பொம்பளைய இந்த வேலைக்கு வெச்சது இல்ல. யாராவது கேட்டா நான் பாத்துக்கறேன்."

வசந்தா என்னைப் பார்த்தாள். மேஸ்திரியும் பார்த்தார். நான் என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? "நல்லா பாப்பா. கண்ணு சரியா பழகிச்சின்னா டிகிரியும் சொல்லிடுவா" என்றேன். சிரித்த மாதிரி வாயை வைத்துக்கொண்டேன்.

அவர் போன பிறகு என் மண்வெட்டியைக் கொடுத்தேன். பிடி அவள் கைக்குத் தடிமன். சீவிக்கொள்ளலாம் என்றாள். சீவிக்கொள் என்றேன்.

சோறு வடித்து, குழம்பு வைத்து, மூடி வைத்தாள். "மதியம் போட்டுச் சாப்பிடுங்க, அடுப்பு பத்த வெக்க வேணாம். கஸ்தூரி நாலு மணிக்கு வந்துடும். வெயில்ல வெளிய போவாதீங்க." தெரு வரை போனவள் திரும்பி வந்தாள். எதையோ மறந்துவிட்டாள் என்று எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக் கூட இருந்தது.

நேராக அடுப்பங்கரைக்குப் போனாள். மாடத்திலிருந்த தீப்பெட்டியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அது எதுக்கு?"

"அங்க வேணும்" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அளத்தில் தீப்பெட்டிக்கு ஒரு வேலையும் இல்லை.

சரி, எடுத்துக்கொண்டு போ என்றேன்.