கிளித்தட்டுக் கோட்டின் மேல் ஒரு வீடு

அக்கா,

முந்தாநாள் வீட்டுக்குப் பின்னால் முருங்கைக் கம்பு நட ஒரு குழி தோண்டினேன். கடப்பாரை கொஞ்சம் இறங்கியதும் மேற்கொண்டு போகாமல் எகிறியது. கல்லாக இருக்கும் என்று பக்கத்தில் குத்திப் பார்த்தேன், அங்கேயும் எகிறியது. கையால் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டுப் பார்த்தால் பழைய ஜீப்பு டயர். விளிம்பில் மஞ்சள் பெயிண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் ஏறிக் குதிப்பதற்காக நீங்கள் பாதி புதைத்து வைத்த டயர்களில் ஒன்று. வீடு கட்ட வந்தவர்கள் மற்றதையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, இதை மட்டும் மண்ணைக் கொட்டி மூடியிருக்கிறார்கள். வெளியே எடுக்க மனம் வரவில்லை. முருங்கையைத் தள்ளி நட்டேன்.

உங்களுக்குக் கடிதம் எழுதுகிறேன் என்றால் சிரிப்பீர்கள். "எழுத்துல என்னத்தப் புள்ள இருக்கு, நேர்ல வந்து சொல்லு" என்பீர்கள். நேரில் வந்து சொல்ல முடியாத இடத்துக்கு நீங்களே போய்விட்ட பிறகு நான் வேறு என்ன செய்வது?

இந்த வீடு நல்ல வீடு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நன்றி கெட்டவள் என்று நீங்களே திட்டுவீர்கள். சிமெண்டுத் தரை, தனிக் கழிப்பறை, ஒழுகாத கூரை. அகதி முகாமில் தார் அட்டைக்குக் கீழே பிறந்து, அந்த அட்டைக்குக் கீழேயே பிள்ளையும் பெற்றவளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆனாலும் சில நாள் சமைத்துக்கொண்டிருக்கும்போது கால் கூசுகிறது. என் அடுப்பு இருக்கும் இடத்தில்தான் பிள்ளைகள் கட்டம் போட்டு ஆடிய கிளித்தட்டின் கடைசிக் கோடு இருந்தது.

நீங்கள் வார்டு மெம்பராக ஜெயித்த புதிதில் முகாமுக்கு வந்தீர்கள். விடியும் முன்பே ஜீப்பில் ஏறி மலைக்குப் போய், ஏலத் தோட்டத்தில் காய் எடுத்துவிட்டுச் சாயங்காலம் இறங்கி வருகிறவராகத்தான் அதுவரை உங்களைத் தெரியும். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு என்று நின்றீர்கள், யாரும் எதிர்பார்க்காமல் ஜெயித்தீர்கள். எங்கள் முகாம் உங்கள் வார்டில்தான் இருந்தது, ஆனால் இலங்கையிலிருந்து வந்த எங்களில் ஒருவருக்கும் ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாத இடத்துக்கு, அதுவும் ஜெயித்த பிறகு, ஒரு மெம்பர் எதற்கு வர வேண்டும்? எங்கள் ஆட்கள் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள்.

என் அம்மா மட்டும் மன்னார்ப் பேச்சு மாறாமல் "வாங்கோ, இருங்கோ" என்று சொல்லி வெறுந்தேநீர் கொடுத்தார். என்ன குறை என்று கேட்டீர்கள். குழாய், தெருவிளக்கு என்று சொல்வார் என நினைத்தேன். "பள்ளிக்கூடத்தில எங்கட பிள்ளையள் தனிச்சுப்போய் இருக்குதுகள்" என்றார் அம்மா. அடுத்த நாளே என்னையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனீர்கள். முகாம் பிள்ளைகளைக் கடைசி வரிசையில் போட்டிருக்கிறீர்களாமே என்று சண்டைக்கு நின்றீர்கள். டீச்சர் பாவம், அழாத குறை. "நாங்க போடல மெம்பரு. அதுகளாப் போய் உக்காந்துக்கிருதுக. மாத்தி உக்கார வச்சாலும் மறுநாள் அங்கதான் போகுதுக" என்றார்.

திரும்பி வரும்போது முகாம் வாசலில் நின்று சொன்னீர்கள்: "ஒண்ணா வெளையாடாத பிள்ளை எப்பிடிப் புள்ள பக்கத்துல உக்காரும்?"

அப்படித்தான் மைதானம் வந்தது. முகாம் நிலம் முழுக்கப் பாறைச் சரிவு. மேற்கே மட்டும் ஒரு துண்டு நிலம் ஓரளவு சமதளமாக இருந்தது. பஞ்சாயத்தில் கேட்டுக் கேட்டு, நூறு நாள் வேலைப் பெண்களை இறக்கி அதை நிரவினீர்கள். "ஆடிக் கறக்குற மாட்ட ஆடித்தான் கறக்கணும், பாடிக் கறக்குற மாட்டப் பாடித்தான் கறக்கணும்" என்று சொல்லிக்கொண்டு, தலைவரிடம் ஒரு விதமாகவும் கிளார்க்கிடம் ஒரு விதமாகவும் பேசினீர்கள். ஜீப்பு டிரைவர்களிடம் மட்டும் பாட்டும் இல்லை, ஆட்டமும் இல்லை. ரோட்டில் குறுக்கே நின்று, "பழைய டயரு கொண்டாந்து போடாம இந்த வளைவத் தாண்டிருவியா அப்பு?" என்று மிரட்டியே வாங்கினீர்கள். உங்களை ஏற்றிக்கொண்டு போய் வந்த டிரைவர்கள்தானே, சிரித்துக்கொண்டே கொண்டுவந்து போட்டார்கள்.

முதல் நாள் விளையாட்டு எனக்கு மறக்கவில்லை. ஊர்ப் பிள்ளைகள் ஒரு பக்கம் திரண்டு நின்றார்கள், முகாம் பிள்ளைகள் இன்னொரு பக்கம். "நாங்க ஊர் டீமு, அவங்க முகாம் டீமு" என்றான் ஒருவன். நீங்கள் சேலையைச் செருகிக்கொண்டு நடுவில் போய் நின்றீர்கள். "டீமாவது மண்ணாவது. உத்தி பிரிச்சு வாங்கடா. ஜோடியில ஒண்ணு ஊரு, ஒண்ணு முகாமு. அப்பிடி வராட்டி கோட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது."

அதற்கு முன் ஒரு வார்த்தைகூடப் பேசாத பிள்ளைகள் இரண்டு இரண்டாகத் தோளில் கை போட்டுக்கொண்டு மூலைக்குப் போக வேண்டியதாயிற்று. காதோடு காது பேசி ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வர வேண்டுமே. யானை வேண்டுமா, காட்டெருமை வேண்டுமா என்று கேட்டு வந்தது ஒரு ஜோடி. தலைவன் யானை என்றால் யானைப் பெயர்க்காரி அவன் பக்கம், காட்டெருமை எதிர்ப் பக்கம். எல்லாரும் பிரிந்து முடிந்தபோது இரண்டு பக்கமும் ஊரும் இருந்தது, முகாமும் இருந்தது. எங்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "இங்கயும் கிளித்தட்டுத்தானே. நாங்களும் இதுதானே விளையாடினனாங்கள்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதன்பிறகு உங்கள் சட்டம் தானாக நடந்தது. என் மகள் நிரோஜாவுக்கு நிரந்தர ஜோடி ஊர்ப்பிள்ளை முத்துமீனா. யார் எந்தப் பெயர் என்று இரண்டு பேரும் வீட்டிலேயே பேசி வைத்துக்கொண்டு வருவதாக மற்றப் பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள், அது உண்மையும்கூட. பள்ளியிலும் அவள் பக்கத்தில் இவள்தான். டீச்சர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார்: "ரெண்டையும் பிரிச்சு உக்கார வச்சாத்தான் கிளாஸ் நடத்த முடியும் போல." அந்தப் புகாரைக் கேட்க எனக்கு எத்தனை சந்தோஷம் தெரியுமா?

பிறகு அரசாங்க வீடுகள் வந்தன. அதிகாரிகள் டேப்போடு வந்து அளந்தார்கள். பாறையில் வீடு கட்ட முடியாது, சமதளம் இருப்பது மைதானம் மட்டும்தான் என்றார்கள். முகாமில் கூட்டம் போட்டோம். வீட்டை வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது, மைதானத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று எந்த முகத்தோடு உங்களைப் பார்த்துச் சொல்வது? நீங்களே எழுந்தீர்கள். "வீடுதான் மொதல்ல. நனைஞ்சுக்கிட்டு ஒறங்குற பிள்ளைக்குக் கிளித்தட்டு என்னாத்துக்கு? ஓடைக்கரைப் பொறம்போக்குல கருவேலத்த வெட்டிவிட்டா இதவிடப் பெரிய எடம் கெடைக்கும். அத நான் பாத்துக்கிறேன்" என்றீர்கள்.

எல்லாரும் கை தட்டினார்கள். கூட்டம் கலைந்த பிறகும் நீங்கள் போகாமல் மைதானத்தில் நின்றுகொண்டிருந்தீர்கள். நான் பக்கத்தில் வந்ததும், "எனக்கு மட்டும் வயிறு எரியாதாக்கும்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்.

அஸ்திவாரம் முடிந்து சுவர் எழும்பிக்கொண்டிருந்தபோது, நெஞ்சு வலிக்கிறது என்று தேனிக்குப் போன நீங்கள் திரும்பவில்லை. உங்கள் வீட்டு வாசலில் ஊரை விட முகாம் கூட்டம்தான் அதிகம் நின்றது. அதற்குக் கொஞ்ச நாளில் பஞ்சாயத்தின் காலமும் முடிந்துபோனது. இப்போது தலைவரும் இல்லை, மெம்பர்களும் இல்லை. தனி அலுவலர் என்று ஒருவர் இருக்கிறார், பல ஊருக்கு அவர் ஒருவரே. அவரைப் பார்க்கப் போகிற அன்றெல்லாம் அவர் வேறு ஊரில் இருப்பார்.

ஓடைக்கரையில் கருவேலம் இன்னும் அடர்ந்துவிட்டது. பிள்ளைகள் என்ன செய்வார்கள்? ரோட்டில் சாக்பீஸால் கோடு போட்டார்கள். பள்ளி விட்டு வந்து அவர்கள் ஆடுகிற நேரமும் மலையிலிருந்து ஜீப்புகள் இறங்குகிற நேரமும் ஒன்று. நாங்கள் முறை வைத்துக்கொண்டு வளைவில் நின்று பார்த்தோம். ஒரு சாயங்காலம் நின்றவள் தண்ணீர் வருகிறதென்று குடத்தை எடுக்கப் போயிருக்கிறாள். ஜீப்பு மோதி முத்துமீனாவின் கால் முறிந்தது. டிரைவர் வண்டியை அப்படியே நிறுத்தி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போடி ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். வண்டியில் இருந்த தோட்டத்துப் பெண்கள் ரோட்டோரம் உட்கார்ந்து அழுதார்கள். வேகமாக வந்தார் என்று யாருமே சொல்லவில்லை. ரோடு ஜீப்புக்குப் போட்டதுதானே.

கால் கூடிவிட்டது. லேசாகச் சாய்த்து நடக்கிறாள். நான் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கோவம் இல்லத்தா. பயமாருக்கு. இனி அந்தப் பக்கம் அனுப்பமாட்டேன், தப்பா நெனச்சுக்காத" என்றாள். தப்பாக நினைக்க அதில் என்ன இருக்கிறது? நானாக இருந்தாலும் அனுப்பமாட்டேன். மற்ற வீடுகளிலும் அப்படியே ஆயிற்று. இப்போது சாயங்காலத்தில் எங்கள் புது வீடுகளின் கதவெல்லாம் சாத்தியிருக்கின்றன. உள்ளே பிள்ளைகள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முகாம் இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

போன வாரம் பள்ளிக்குப் போனபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நிரோஜா கடைசி வரிசையில் இருந்தாள், முகாம் பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான். வீட்டுக்கு வந்து ஏன் என்று கேட்டேன். "சும்மாதான்" என்றாள். யாரும் போகச் சொல்லவில்லையாம்.

எனக்கு உங்கள் மேல் கோபம், அக்கா. செத்தவர் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள், படுகிறேன். நான் பாத்துக்கிறேன் என்று நீங்கள் சொன்ன ஒரு சொல்லை நம்பித்தானே அத்தனை பேரும் கை தட்டினோம்? பஞ்சாயத்தில் ஒரு தீர்மானம் போட்டு வைக்கக் கூடாதா? இப்படி உங்களைத் திட்டிவிட்டு அன்று ராத்திரி சாப்பிட முடியாமல் படுத்தேன்.

மறுநாள் வேலைக்கு லீவு சொன்னேன். பி.ஏ. படித்துவிட்டு போடி ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கிறவளுக்கு லீவு கேட்பதில் பெரிய கஷ்டம் இல்லை, அன்றைய கூலிதான் போகும். முகாம் பெண்கள் சில பேர் சேர்ந்து பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனோம். கிளார்க் நல்லவர்தான், உட்காரச் சொன்னார். "ஓடைக்கரை எடம் பொறம்போக்குமா. ஊர்க்காரங்க யாராச்சும் மனுக் குடுத்தா மேல அனுப்பலாம். நீங்க முகாம் ஆளுக, நீங்க குடுத்தா நிக்காதே" என்றார். மெம்பர் அக்கா சொல்லியிருந்தார்களே என்றேன். "அவங்க இல்லையேம்மா" என்றார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்று சொல்லலாம் என்றால், இங்கே சாமியே போய்விட்டதே.

வெளியே வந்து பஸ்சுக்கு நிற்கும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. மைதானத்துக்கு நீங்கள் அலைந்த நாட்களில் ஒரு நாள் போடி தாலுகா ஆபீசில் நானும் உங்களோடு நின்றேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் என்னைக் காட்டி, "இவங்க யாரு?" என்றார். நான் முகாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். எனக்குப் பழகிப்போன பதில் அதுதான். நான் பிறந்தது இந்த மலையடிவாரத்தில். என் காகிதங்களில் இருப்பதோ என் அம்மா விட்டு ஓடிவந்த, நான் கண்ணால் பார்க்காத ஊர். எந்த ஊர் என்று யார் கேட்டாலும் எனக்கு நாக்கு குழறும். நீங்கள் பையில் எதையோ துழாவிக்கொண்டே, என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எங்க ஊர்க்காரி" என்றீர்கள். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

உங்களுக்கு அது ஒன்றுமே இல்லை. சொன்னதை அப்போதே மறந்திருப்பீர்கள். அதற்கு முன்பும் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை, பின்பும் சொல்லவில்லை. நீங்கள் கொடுத்துவிட்டுப் போனதில் என்னிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

வருகிற திங்கட்கிழமை தேனி கலெக்டர் ஆபீசில் குறைதீர் நாள். ஓடைக்கரை இடத்தைப் பிள்ளைகளுக்குக் கேட்டு நானே மனுக் கொடுக்கப் போகிறேன். ஊர்க்காரர் கொடுத்தால்தான் நிற்கும் என்றால், கொடுப்பவள் ஊர்க்காரிதான் என்று சொல்லப் போகிறேன். அப்படி யார் சொன்னது என்று கேட்பார்கள். உங்கள் பெயரைச் சொல்வேன். சரி, அவரை வரச் சொல்லுங்கள் என்றால் நான் என்ன செய்வேன், அக்கா?